காற்றுத் திருகாணி

திருகோணமலைத் துறைமுகம் உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்னும் வாக்கியத்தை நாம் பாடப்புத்தகத்திற் படித்தோம். பின்னர் ஆசிரியராகிப் பிள்ளைகளுக்கும் படிப்பித்தோம். வாக்கியம் உண்மையே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்னும் நால்வரும் இத்துறையின் பொருட்டு ஒருவரோடொருவர் பொருதமைக்குக் காரணம் இதன் ஆழமும் அரணுமேயாகும். ஆயினும் பெருங்கலங்களுக்கு அடைக்கலந் தருகின்ற துறை சிறு வள்ளங்களுக்கும் அவ்வண்ணமே அருள் செய்யும் என்று எண்ணிவிடலாகாது. அவ்வாறு எண்ணியவர்களுள் அடியேனும் ஒருவன்.

என் தங்கையின் மகன் சென்ற ஆண்டு ஒரு கண்ணாடி நார் வள்ளம் வாங்கினான். நிலாவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகளைப் புறாத் தீவுக்கு ஏற்றிச் செல்வதும், பங்குனி முதல் ஆவணி வரையான காலத்தில் திமிங்கிலம் காட்டுவதும் அவன் கருதிய தொழில்கள். வங்கிக் கடன், தாயின் காப்பு இரண்டு, என்னுடைய சேமிப்பிற் சிறு பங்கு ஆகியன அவ்வள்ளத்தில் ஏறியிருந்தன. 25 குதிரைவலுவுள்ள வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று அதன் பின்புறத்திற் பூட்டப்பட்டிருந்தது. இயந்திரத்தை விற்றவர் அதனை இயக்கும் முறையைக் கால் மணிநேரத்திற் சொல்லிக் கொடுத்தாராம். கால் மணிநேரத்தில் எழுத்திலக்கணங்கூடச் சொல்லிக் கொடுக்க இயலாது. ஆனால் அன்று அதனை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கடலறிவு என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு வள்ளத்திலேயே இறங்கி வருவது. யுத்த காலத்தில் எங்கள் மாவட்டத்திற் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் இயந்திரத்தின் வலுவுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அந்த இழை பலரிடத்தில் அறுந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து வள்ளங்களை விறகாக்கிற்று. அதன்பின் உதவி நிறுவனங்கள் கண்ணாடி நார் வள்ளங்களை வாரி வழங்கின. துடுப்புப் பிடித்தவன் கையிற் கூட ஒரே நாளில் இயந்திரம் வந்து சேர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்ததும் உல்லாசப் பயணத் தொழில் பெருகவே, கடற்றொழிற் குடும்பத்திற் பிறவாதவர்களும் வள்ளம் வாங்கலாயினர். வள்ளம் பெருகிய வேகத்தில் அறிவு பெருகவில்லை. என் மருமகனைக் குறைகூறி என்ன பயன்?

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வள்ளத்தைத் திருக்கடலூர்க் கரையில் இறக்கினோம். கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையைக் கடலிலிருந்து காணவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடல் கண்ணாடி போலிருந்தது. கரையிற் கிடந்த உருளைக் கட்டைகளின் மேல் வள்ளத்தைத் தள்ளும்பொழுதே முதலாவது பிழை நேர்ந்தது. இயந்திரத்தை மேலே சாய்த்து வைக்காது, நிமிர்ந்தபடியே விட்டுவிட்டான். அதன் சுழலி மணலை உழுதுகொண்டு போயிற்று. சுழலிக்கும் அதன் தண்டுக்கும் இடையில் ஒரு சிறிய ஊசி சில இயந்திரங்களில் உண்டு. சுழலி கல்லிலோ மணலிலோ மோதினால், இயந்திரம் சிதையாதவாறு தான் முறிந்து காப்பது அவ்வூசியின் கடமை. முறிந்த ஊசிக்கு மாற்றூசி ஒன்றை வைத்திராதவன் துடுப்பை நம்பியே வீடு திரும்பவேண்டும். எங்களிடம் மாற்றூசியும் இல்லை, துடுப்பும் ஒன்றே. ஆயினும் அன்று ஊசி முறியவில்லை.

வள்ளத்தின் அடியிற் பின்புறமாக ஒரு துளை இருக்கும். உள்ளே தேங்கும் மழைநீரைக் கரையில் வைத்து வடிப்பதற்காக அமைந்த துளை அது. வள்ளத்தை இறக்குமுன் அதனைத் தக்கையால் அடைத்தல் வேண்டும். இதனை மறந்து கடலிறங்கி, பாதந் தொட்ட நீர் கணுக்காலுக்கு ஏறிய பின்னர் நினைவு வந்தவர்களின் கதைகள் எங்கள் கரையோரத்தில் ஏராளம். என் மருமகன் அதனை மறக்கவில்லை. தக்கையை இறுக்கிவிட்டு, "பார்த்தீர்களோ மாமா?" என்பதுபோல் என்னைப் பார்த்தான். ஒரு பிழையைத் தவிர்த்துவிட்டவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதுபோன்ற ஒரு மயக்கம் உண்டாகும். என் மாணவரிடத்தும் இதனைக் கண்டிருக்கிறேன்.

இயந்திரம் முதல் இழுப்பிலேயே முழங்கிற்று. வள்ளம் பாய்ந்தது. மலையின் செங்குத்தான பாறை எங்களுக்கு முன்னே உயர்ந்து வந்தது. அலை அதன் அடியிற் சென்று மோதி வெண்ணுரையாய் விழுவதைக் கண்டு நான் என்னை மறந்திருந்தேன். அவ்வேளையில் இயந்திரத்தின் ஓசை ஈனமடைந்து, இருமுறை விக்கி, நின்றுவிட்டது.

மருமகன் கயிற்றை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். ஒருமுறை சற்றே உயிர்த்து, மறுபடி அடங்கிற்று. எரிபொருட் கலத்தை அசைத்துப் பார்த்தான். முக்காற் பங்கு நிரம்பியிருந்தது. அப்பொழுதுதான் நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். சற்று முன் மனிதர்களாகத் தோன்றியவர்கள் புள்ளிகளாகியிருந்தனர்.

கச்சான் காற்றைப் பற்றி வெளியூர் அன்பர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று எங்கள் பகுதிக்கு நிலத்தின் மேலாக வருகிறது. வெப்பமும் வறட்சியும் பொருந்திய அக்காற்றைக் கச்சான் என்போம். வாடைக் காற்றுக் கடலைக் கரைக்கு எறிவதால், கார்த்திகை மார்கழியிற் கடலின் சினம் கரையில் நிற்பவனுக்கே தெரியும். அஞ்சி வீட்டில் இருந்துவிடுவான். கச்சானோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையை அடுத்த நீருக்கு நிலமும் மரங்களும் மறைப்பாக நிற்பதால் அங்கே அலை எழாது. தூரஞ் செல்லச் செல்லக் காற்றின் முழு வலிமையும் நீரிற் பதிய, அலை வளரும். ஆகவே இயந்திரம் நின்ற வள்ளம் அமைதியிலிருந்து கொந்தளிப்பை நோக்கியே ஒதுக்கப்படும். கண்ணாடிபோற் கிடக்கும் கடலைக் கண்டு புதியவன் துணிகிறான். அப்பால் வங்காள விரிகுடா இருக்கிறது.

"நங்கூரத்தைப் போடு" என்றேன். நான் பிறப்பித்த ஒரே கட்டளை அது. அவன் பின்புறத்தில் நின்றபடியே நங்கூரத்தை எறிந்து, கயிற்றை அங்கேயே கட்டினான். 30 மீற்றர்க் கயிறும் ஓடி முடிந்தது. நங்கூரம் எதனையும் தொடவில்லை. தொடாதது எங்கள் நற்பேறு என்று பின்னர் அறிந்தேன். நங்கூரத்தை எப்பொழுதும் அணியத்தில், அதாவது முன்புறத்திற் கட்டவேண்டும். அணியம் கூர்மையானது, உயர்ந்தது, வரும் அலையைப் பிளப்பது. இயந்திரம் பூட்டுவதற்காகத் தாழ்த்தி வெட்டப்பட்ட அமரத்திற் கட்டினால், கடலடியில் நங்கூரம் பற்றியவுடன் அத்தாழ்ந்த பக்கமே அலைக்கு முகங்கொடுக்கும். இரண்டு மூன்று அலைகள் உட்புகப் போதும். மேலும், நங்கூரம் தன் எடையால் மட்டும் வள்ளத்தை நிறுத்துவதில்லை. நிலத்தில் நாக்கைப் புதைத்தே நிறுத்துகிறது. அதற்குக் கயிறு சரிந்து கிடத்தல் வேண்டும். ஆழத்தின் 5 மடங்கு முதல் 7 மடங்கு வரை கயிறு விடவேண்டும் என்பது கடலோர் கணக்கு. 5 மீற்றர் ஆழமாயின் 25 மீற்றரேனும் விடவேண்டும். சுவாமி மலைக்கு அப்பாலோ கரைக்கு அண்மையிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று பாதாளமாய் இறங்குகிறது. திமிங்கிலங்கள் மலையிலிருந்து பார்க்கத்தக்க அளவு நெருங்கி வருவது அந்த ஆழத்தினாலேயே. அவற்றைக் காட்டிப் பிழைக்க வந்தவன், அந்த ஆழத்தையே மறந்தான்.

அமரத்துப் பலகையில் இருந்தபடி நான் என்ன செய்தேன் என்று கேட்பீராயின், வெட்கத்தோடு சொல்கிறேன். அம்பி, பஃறி, திமில், ஓடம், தோணி, புணை, வங்கம், நாவாய் என்று மரக்கலத்தின் பெயர்களை வகுப்பில் மூச்சுவிடாமற் சொல்பவன் நான். நங்கூரம் பாரசீகத்திலிருந்தும், சுக்கான் அரபியிலிருந்தும், கப்பித்தான் போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்த வகையை மணிக்கணக்கில் விரித்துரைப்பேன். (இச்சொற்களைக் களைந்தாலன்றித் தமிழ் பிழைக்காது என்று வாதிடும் நண்பர் ஒருவர் எங்கள் கல்லூரியில் இருக்கிறார். கடலில் யாரோடு கூடிப் பயணஞ் செய்தோமோ அவர்கள் சொல் நம் வாயில் ஒட்டுவது இயல்பு என்பது என் கட்சி.) அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருளின் பெயர். அது என்னிடம் இல்லை. வள்ளத்தில் இருந்த மிதப்பங்கிகள் இரண்டையும் இருக்கைக்கு மெத்தையாகப் போட்டு நாங்கள் அவற்றின் மேல் அமர்ந்திருந்தோம் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

வலை வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வள்ளம் எங்களைக் கண்டு வந்தது. அதிலிருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். திருக்கடலூரைச் சேர்ந்தவர். எங்கள் வள்ளத்தில் ஒரு காலை வைத்துக் குனிந்து, எரிபொருட் குழாயின் நடுவே இருந்த றப்பர்க் குமிழைத் தொட்டுப் பார்த்தார். அது காற்றுப்போன பலூன்போல் ஒட்டிச் சூம்பிக் கிடந்தது.

"தம்பி, மூடியிலை இருக்கிற காத்துத் திருகாணியைத் திறக்கேல்லையே?" என்றார்.

இரண்டு விரல்களால் மூடியின் மேலிருந்த சிறிய திருகைத் திருப்பினார். சீறிக்கொண்டு காற்று உள்ளே புகுந்தது. குமிழை நாலைந்து முறை பிசைந்து, கயிற்றை இழுக்குமாறு சொன்னார். இயந்திரம் உயிர்பெற்றது.

செய்தி இவ்வளவே. எரிபொருட் கலத்திலிருந்து எண்ணெய் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புகவேண்டும். புகாவிடின் உள்ளே வெறுமை பிறந்து எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இளநீரிற் குழலை வைத்துத் துளையை இதழால் இறுக அடைத்து உறிஞ்சிப் பார்த்த எந்தச் சிறுவனுக்கும் இது தெரியும். கலத்தைக் கரையிற் சுமந்து வரும்பொழுது எண்ணெய் சிந்தாதிருக்கத் திருகை மூடி வைக்கிறோம். புறப்படும்பொழுது திறக்க மறக்கிறோம். இதிற் பொல்லாப்பு யாதெனில், இயந்திரம் உடனே நிற்பதில்லை. குழாயிலும் உள்ளேயும் இருக்கும் எண்ணெயைக் கொண்டு சில நிமிடங்கள் நன்றாக ஓடி, கரையிலிருந்து நீந்த முடியாத தூரத்துக்கு நம்மைக் கொண்டுபோய்விட்ட பின்னரே நிற்கும்.

இயந்திரம் ஓடியபோதிலும், அந்த முதியவர் எங்களைத் தனியே விட மனமில்லாமற் கயிறு கட்டி இழுத்தே வந்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "மாஸ்டர், இந்தத் தம்பியை ஒரு மாதம் என்னோடை விடுங்கோ" என்றார். அவ்வாறே விட்டேன். பாதி நாட்களில் நானும் கூடச் சென்றேன். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டு படிப்பித்தவன் மறுபடியும் முதல் வாங்கில் இருந்தேன்.

அவர் முதலிற் கற்பித்தது, இயந்திரத்தை முடுக்குமுன் அதன் கைப்பிடி நடுநிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது. முன்செல்லும் நிலையில் வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் வள்ளம் குதித்துப் பாயும். நிற்பவன் பின்னே கடலில் விழுவான். விழுந்தவனை விட்டு வள்ளம் போய்விடும் என்றுதான் நாம் எண்ணுவோம். போகாது. கைவிடப்பட்ட இயந்திரம் ஒரு பக்கமாய்த் திரும்பி, வள்ளத்தை வட்டமிடச் செய்து, விழுந்தவனை நோக்கியே சுழலியோடு திரும்பி வரும். இதற்காகவே சிவப்புச் சுருட்கயிறு ஒன்று இயந்திரத்தோடு வருகிறது. ஒரு நுனி இயந்திரத்தின் விசையில், மறுநுனி ஓட்டுபவனின் மணிக்கட்டில் அல்லது தொடையில். அவன் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் அடங்கும். எங்கள் இயந்திரத்தின் சுருட்கயிறு வாங்கிய பிளாஸ்ரிக் உறையிலேயே இருந்தது.

இயந்திரம் முழங்கியதும் அவர் முகம் கடலை நோக்கித் திரும்புவதில்லை. இயந்திரத்தின் பின்புறத்தைக் குனிந்து பார்ப்பார். அங்கிருந்து ஒரு சிறு நீர்த்தாரை பாய்ந்துகொண்டிருக்கவேண்டும். இயந்திரம் கடல்நீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பாசியோ பொலித்தீன் துண்டோ வாயை அடைத்தால் தாரை நிற்கும். சிறிது நேரத்தில் இயந்திரம் வெந்துபோகும். நீரில்லாத கரையில் வைத்து முடுக்கிப் பார்ப்பதும் அக்கேட்டையே தரும். எண்ணெய் கலக்கும் அளவிலும் அவர் கண்டிப்பானவர். இரண்டடிப்பு இயந்திரங்களுக்கு மசகெண்ணெய் எரிபொருளோடு கலந்தே செல்லவேண்டும். பெரும்பாலும் 50 பங்குக்கு 1 பங்கு. குறைந்தால் உள்ளே உராய்ந்து இறுகும். கூடினாற் புகையும் கரியும்.

எரிபொருளை மூன்றாகப் பகுத்து, ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு, ஒன்று வராத காலத்துக்கு என்று வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இதனைச் சொல்வது எளிது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியபொழுது, மூன்றாம் பங்கை எந்த ஏழை மீனவன் வாங்கியிருப்பான்? பிழை என்று நாம் எழுதுவனவற்றுட் சில, கையில் காசில்லாமையின் மறுபெயர்.

சுக்கானைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிணைப்பு இயந்திரத்தின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். அதைவிட முக்கியமானது, வள்ளம் திரும்பும்பொழுது மாட்டுவண்டிபோல் முன்னே வளைந்து பின்னே தொடர்வதில்லை. பின்புறம் வெளியே வீசப்படும். முன்புறம் தப்பிற்று என்று மகிழ்கையிற் பின்புறம் இறங்குதுறைத் தூணில் இடித்திருக்கும். நிறுத்துவதற்குத் தடையுமில்லை. ஆகவே காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிர்முகமாக, நடந்து செல்பவனின் வேகத்தில் துறையை அணுகவேண்டும், காற்றே தடையாகும். மருமகன் முதலிரண்டு வாரமும் காற்றைப் பின்னே வைத்துக்கொண்டு துறைக்கு விரைந்தான். அந்த வடுக்கள் இன்னும் அணியத்தில் உள்ளன.

சீனன்குடாவுக்கு மாவாலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வரும் கப்பல்களைக் கண்டால் விலகி நில் என்பார். பாய் விரித்த கலத்துக்கு இயந்திரக் கலம் வழிவிடவேண்டும், எதிரெதிரே வரும் இரண்டும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும் என்பன 1972ஆம் ஆண்டின் சருவதேச விதிகளில் உள்ளவை. ஒடுங்கிய கால்வாயில் வரும் பெருங்கப்பலுக்குச் சிறு வள்ளம் இடையூறு செய்யலாகாது என்பதும் அங்கே உண்டு. விதி இல்லாவிடினும் அறிவு அதனையே சொல்லும். கப்பல் நின்றுவிட எண்ணிய பின்னரும் நெடுந்தூரம் ஓடும். அதன் மேற்றளத்தில் நிற்பவனுக்கு அணியத்தின் அடியிற் கிடக்கும் வள்ளம் தெரியவும் மாட்டாது.

இனிப் பாரத்தைப் பற்றி எழுதவேண்டும். எழுதக் கை தயங்குகிறது.

2021 நவம்பர் 23ஆந் திகதி காலை, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், மக்களை அக்கரை சேர்த்த மிதவைப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதிலிருந்தார்கள். அவர்களுட் சிலர் மீளவில்லை. அன்று நாங்கள் காலை வருகைப் பதிவை எடுத்துக்கொண்டிருந்தபொழுது செய்தி வந்தது. அந்நிகழ்ச்சியின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அந்நாளுக்குப் பின், வள்ளத்தில் "இன்னும் ஒருவர்தானே" என்று யாரேனும் சொல்லக் கேட்டால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

பாரம் கூடிய வள்ளம் நேரே மூழ்குவது அரிது. அது நீரில் தாழ்ந்து கிடக்கும். விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியே இருக்கும். ஒரு சிற்றலை உள்ளே வரும். வந்த நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. வள்ளம் சாயும் பக்கத்துக்கே தானும் ஓடி அச்சாய்வைக் கூட்டும். பயந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். எழுந்ததும் பாரம் மேலே ஏறி வள்ளம் நிலைகுலையும். எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்கினால் முடிந்தது. ஆகையால் ஏறும்பொழுதே நடுவில் ஒருவர், பக்கத்துக்கு ஒருவராகப் பகுத்து அமர்த்தி, எழுந்து நிற்கலாகாது என்று சொல்லிவிடவேண்டும். கவிழ்ந்துவிட்டாலோ வள்ளத்தை விட்டு நீந்தலாகாது. உள்ளே மிதப்புப் பொருள் அடைத்துக் கட்டிய வள்ளங்கள் கவிழ்ந்தும் மிதக்கும். தேடி வருபவர் கண்ணுக்கு மனிதத் தலையினும் வள்ளமே எளிதிற் புலப்படும்.

என் மருமகன் இப்பொழுது எண்மருக்கு மேல் ஏற்றுவதில்லை. புறாத் தீவுக்குப் போக வந்த ஒரு கூட்டத்தார், பன்னிருவரையும் ஏற்றினால் இருமடங்கு தருவதாகச் சொன்ன நாளில் நான் கரையில் நின்றேன். மாதக் கடன் கட்டவேண்டிய வாரம் அது. அவன் மிதப்பங்கி எட்டுத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு பயணமாகப் போவோம் என்றான். அவர்கள் அடுத்த வள்ளத்தை நோக்கி நடந்தார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை; எரிபொருட் கலத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்முதியவரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அன்று அவர் எங்களை இழுத்து வந்த அரை மணிநேரமும் என் கண்ணுக்கு நேரே அவர் வள்ளத்தின் அமரம் இருந்தது. அதிலே 'கடற்கன்னி' என்னும் பெயர், 'கடல்கண்ணி' என்று பெரிய நீல எழுத்துக்களில் எழுதப்பட்டிருந்தது. புணர்ச்சியிலும் பிழை, கன்னியைக் கண்ணி ஆக்கியதிலும் பிழை. அன்று நான் வாய் திறக்கவில்லை. சென்ற மாதம் அவரே வந்து, "மாஸ்டர், வள்ளத்துக்குப் புதுப் பெயின்ற் அடிக்கப் போறன், எழுத்து எல்லாம் சரிதானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்டார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவர் கேட்டார். கண்ணி என்பது மீனையும் பறவையையும் அகப்படுத்தும் சுருக்கு என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப பழையதே இருக்கட்டும் மாஸ்டர், எங்கட தொழிலுக்கு அதுதான் பொருத்தம்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.